சருகும் சமையலறைக் கழிவும் மண்ணாகும் விதம்

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், பம்மல், முடிச்சூர் எனச் சென்னையின் தெற்கே பரந்து கிடக்கும் குடியிருப்புகளில் பல, சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். வயலை மனையாக்கும்போது பள்ளத்தை மேடாக்கச் சவுடு மண்ணையும் இடித்த கட்டடங்களின் சிதிலத்தையும் கொட்டி நிரப்புவதால், பயிருக்குப் பழகிய பழைய மேல்மண் ஆழத்தில் புதைந்துபோக, வீட்டைச் சுற்றி எஞ்சும் குறுகிய இடத்தில் கிடைப்பது ஊட்டம் குறைந்த, வெயிலில் கல்லாய் இறுகும் நிரப்பு மண்ணே. அடுக்ககங்களில் அதுவும் இல்லை. மொட்டை மாடிதான் அங்கே நிலம். ஆகவே இப்பகுதியில் வீட்டுக் காய்கறித் தோட்டம் போட விரும்புவோர், விதை வாங்குவதற்கு முன்பே மண்ணைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய இரண்டு மூலப்பொருள்களும், சமையலறைக் கழிவாகவும் மரத்தடிச் சருகாகவும், தெருத்தோறும் குப்பையென ஒதுக்கப்பட்டுக் கிடக்கின்றன.

தாவர, விலங்குக் கழிவுகளைப் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் காற்றின் துணையோடு சிதைத்த பிறகு எஞ்சும் கரும்பழுப்புப் பொருளே மட்கு உரம். அதில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் குறைந்த அளவிலேயே உள்ளன என்பதால், கடையில் விற்கும் வேதி உரத்தோடு எடைக்கு எடை ஒப்பிட்டு அதைக் குறைவாக மதிப்பது பொருந்தாது. மண் துகள்களைப் பொலபொலவென்ற சிறு கட்டிகளாகச் சேர்ப்பதும், நீரையும் கரைந்த தாதுக்களையும் வேருக்கு எட்டும்படி பிடித்து வைப்பதும், மண்ணுயிர்களுக்கு உணவாவதும் அதன் முதன்மைப் பணிகள். இந்திய உழவர்கள் எருக்குழியில் நெடுங்காலம் செய்துவந்த இந்த வேலையை, 1924இல் இந்தூரில் அமைந்த ஆய்வு நிலையத்தில் ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் முறைப்படுத்தினார். கழிவையும் சாணத்தையும் அடுக்கி, ஈரம் குறையாமல் காத்து, குறித்த இடைவெளியில் புரட்டினால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும் என்பதை அவரும் உடன் பணியாற்றிய யஷ்வந்த் வாட் என்பவரும் 1931இல் நூலாகவே வெளியிட்டனர்.

நுண்ணுயிர்கள் கரிமத்தை, அதாவது கார்பனை, ஆற்றலுக்காக எரிக்கின்றன. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தங்கள் உடலைக் கட்டப் பயன்படுத்துகின்றன. நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை இருக்கும்போது அவை வேகமாகப் பெருகும். காய்த்தோல், கீரைத்தண்டு, காப்பித்தூள், பழச்சக்கை அடங்கிய சமையலறைக் கழிவில் இந்த விகிதம் ஏறத்தாழ 15க்கு 1 என்ற அளவில் இருக்கிறது. நைட்ரஜன் மிகுதி என்பதால் பயன்படாத பகுதி அம்மோனியாவாக வெளியேறுகிறது, மூக்கைத் துளைக்கும் நெடிக்கு ஒரு காரணம் அதுதான். காய்ந்த இலையில் அந்த விகிதம் 40 முதல் 80 வரை போகிறது. சருகை மட்டும் குவித்து வைத்தால் ஓராண்டானாலும் சருகாகவே கிடப்பது இதனால்தான்.

இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதற்கு எளிய கணக்கே போதும். ஒரு கிலோ சமையலறைக் கழிவில் ஏறத்தாழ 800 கிராம் நீர்தான். எஞ்சிய 200 கிராமில் கார்பன் 85 கிராமும் நைட்ரஜன் 6 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். அதோடு 300 கிராம் சருகு சேர்ந்தால் கார்பன் 220 கிராமாகவும் நைட்ரஜன் 8 கிராமாகவும் உயர, விகிதம் 28ஐ ஒட்டி வந்து நிற்கிறது. ஈரமும் அறுபது விழுக்காட்டுச் சொச்சத்துக்கு இறங்குகிறது. நொறுக்காத சருகு காற்றடைத்த பொருள் என்பதால் 300 கிராம் என்பது பார்வைக்கு மிகப் பெரிய குவியலாகத் தெரியும். ஒரு வாளிக் கழிவுக்கு இரண்டு வாளிச் சருகு என்று அனுபவசாலிகள் கைக்கணக்காகச் சொல்வதும் இதே கணக்குதான். வீட்டில் உரம் போடத் தொடங்கிப் புழுவும் நாற்றமும் தாளாமல் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் சருகைப் போதிய அளவு சேர்க்காதவர்களாகவே இருப்பர்.

காற்றும் நீரும் இந்த விகிதத்தோடு பின்னிப் பிணைந்தவை. இடைவெளிகள் நீரால் அடைபட்டால் காற்றில் வாழும் உயிர்கள் ஒடுங்கி, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் தலையெடுத்து, புளித்த வாடையும் அழுகிய முட்டை நாற்றமும் எழும். ஒரு பிடி கலவையை அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் கசிவதே சரியான பதம். பெரிய குவியல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொண்டு 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறிக் களை விதைகளையும் நோய்க் கிருமிகளையும் அழித்துவிடும். பக்கங்களில் துளையிட்ட மண்பானையோ பெயின்ட் வாளியோ அந்தச் சூட்டை எட்டுவதில்லை. ஆதலால் நோயுற்ற தக்காளிச் செடியையோ விதை முற்றிய களையையோ வீட்டுத் தொட்டியில் போடாதிருப்பது நல்லது. மீன் முள்ளும் இறைச்சியும் எலி, பெருச்சாளிகளை அழைக்கும் என்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும். தடித்த சாம்பல் நிறப் புழுக்கள் தொட்டியில் நெளிவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவை கருஞ்சிப்பாய் ஈ எனப்படும் பூச்சியின் இளம்பருவம். கழிவை விரைந்து தின்று தீர்ப்பவை, முதிர்ந்தபின் வீட்டு ஈயைப் போல உணவை மொய்க்காதவை.

இந்த முயற்சி தனிவீட்டு அளவைத் தாண்டியும் நிலைக்கும் என்பதற்கு இப்பகுதியிலேயே சான்று உண்டு. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது அதில் இணைந்த ஐந்து நகராட்சிகளுள் ஒன்றான பம்மலில், சங்கரா நகர்ப் பெண்கள் சிலர் 1990களின் நடுப்பகுதியில் மகளிர் மன்றம் ஒன்றைத் தொடங்கி, தெருமுனையில் தேங்கிய குப்பையை வீட்டிலேயே பிரித்து வாங்கி, மட்கும் பகுதியை மண்புழு உரமாக்கி விற்றனர். மங்களம் பாலசுப்பிரமணியன் முன்னின்று நடத்திய இப்பணி பின்னாளில் எக்ஸ்னோரா கிரீன் பம்மல் என்ற அமைப்பாக வளர்ந்தது. குப்பையைப் பிரித்து ஒப்படைப்பதைச் சட்டக் கடமையாக அழுத்திக் கூறிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016இல்தான் வந்தன என்பதை நினைத்தால், அப்பெண்களின் தொலைநோக்கு எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

மண்புழு உரத்தில் சிதைவின் பிற்பாதியை மண்புழு ஏற்கிறது. பாதி மட்கிய பொருளை அது விழுங்க, குடலில் அரைபட்டு நுண்ணுயிர் செறிந்த எச்சம் வெளிவருகிறது. சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுக்களை நாடாமல் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், லாம்பிட்டோ மாரிட்டி ஆகிய உள்ளூர் இனங்களைக் கொண்டே உரம் செய்யும் முறையை வளர்த்தார். முன்னது மேற்பரப்பில் வாழ்ந்து கழிவைத் தின்பது. பின்னது மண்ணுக்குள் துளையிட்டுக் காற்றையும் நீரையும் இறக்குவது. 35 பாகையைத் தாண்டும் வெப்பம் புழுக்களுக்கு ஆகாது. எனவே புழுத்தொட்டிக்கு மாடியின் வெட்டவெளி பொருந்தாது, மாடிப்படியின் அடியே பொருந்தும். சூடு கிளப்பும் பச்சைக் கழிவையும் அப்படியே கொட்டாமல் இரண்டு மூன்று வாரம் மட்கவிட்ட பின்னரே இட வேண்டும்.

மாடித்தோட்டத்தில் பலரும் எண்ணிப் பாராதது எடை. மக்கள் ஏறிச் செல்லும் கூரைத் தளம் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவிலான பயன்பாட்டுச் சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயக் கணக்கு. ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள வளர்ப்புப் பையைத் தோட்டமண்ணால் நிரப்பி நீரூற்றினால் அது முப்பது கிலோவைத் தொடும். சதுர மீட்டருக்கு ஒன்பது பைகளை நெருக்கி வைத்தால் 270 கிலோ. ஆகவே பைகளை நடுத்தளத்தில் குவிக்காமல் சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் வரிசையாக வைப்பதும், ஈரம் தளத்தில் இறங்காதபடி செங்கல்லோ இரும்புச் சட்டமோ இட்டு உயர்த்துவதும், மண்ணின் பங்கைக் குறைப்பதும் தேவையாகின்றன.

மண்ணைக் குறைக்க உதவுவது தென்னை நார்க்கழிவு. தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் இப்பொருளைச் செம்மண்ணோடும் மட்கு உரத்தோடும் சம பங்காகக் கலப்பது வழக்கம். ஆனால் மட்காத நார்க்கழிவில் கார்பன் விகிதம் நூறைத் தாண்டுவதால், அதை அப்படியே நிரப்பினால் அதைச் சிதைக்க முனையும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தைப் பறித்துக்கொள்ள, இலைகள் வெளிறி நிற்கும். உப்பு நீங்க இரண்டு மூன்று முறை அலசி, உரத்தோடு கலந்து சில வாரம் ஊறவிட்ட பிறகு நடுவதே முறை. தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி மானிய விலையில் வழங்கிவந்த மாடித்தோட்டத் தளை என்னும் பொருள் தொகுப்பிலும், விதை, பை, உயிர் உரம் ஆகியவற்றோடு நார்க்கழிவுக் கட்டிகளே இடம்பெற்றன. உரம் முதிர்ந்துவிட்டதா என்று அறியச் சிறு கிண்ணத்தில் அதை நிரப்பி வெந்தயம் தூவிப் பார்க்கலாம். முதிராத உரத்திலுள்ள அமிலங்களும் அம்மோனியாவும் முளைப்பைத் தடுத்துவிடும்.

எதை, எப்போது விதைப்பது என்பதை இங்கே வெயிலும் வடகிழக்குப் பருவமழையுமே முடிவு செய்கின்றன. ஆடிப் பட்டத்தில், அதாவது சூலை, ஆகஸ்டு மாதங்களில், வெண்டை, கத்தரி, மிளகாய், அவரை ஆகியவற்றைத் தொடங்கலாம். பகல் வெப்பம் 35 பாகையைக் கடந்து இரவும் குளிராதபோது தக்காளியின் மகரந்தம் செயலற்றுப் பூ உதிர்வதால், அது திசம்பர் முதல் பிப்ரவரிக்குள் பூக்கும்படி நாற்றிட வேண்டும்; கோடையில் தக்காளி காய்க்கவில்லை என்று உரத்தைக் கூட்டுவதில் பயனில்லை. நாட்டு அவரை பகற்பொழுது குறுகினால்தான் பூக்கும் இயல்புடையது. அதனால் ஆடியில் ஊன்றிய கொடி மாதக்கணக்கில் இலையாகவே படர்ந்து மார்கழி, தையில் காய்ப்பதைப் பொறுமையோடு எதிர்நோக்க வேண்டும். அரைக்கீரையும் சிறுகீரையும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும் என்பதால் புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றவை. தூதுவளை, கற்பூரவள்ளி, துளசி, பிரண்டை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு தொட்டி போதும். கற்பூரவள்ளியும் பிரண்டையும் ஒடித்து நட்டாலே வேர்விடும்.

மழைக்காலமே இத்தோட்டங்களுக்குக் கடுஞ்சோதனை. 2015 திசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, அத்தகைய பெருமழை அரிது என்றாலும் ஐப்பசி, கார்த்திகையின் சாதாரண மழைக்கே வடிகால் துளை அடைபட்ட பையில் வேர் அழுகிவிடும், அடியில் வைத்த தட்டுகளில் தேங்கிய நீர் கொசுவை வளர்க்கும். கரையும் சத்துகளை மழை அடித்துச் செல்வதால், உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பத்து நாளுக்கு ஒரு கைப்பிடி என்று பிரித்து இடுவதே பயன் தரும். உரத்தொட்டிக்கும் அதே பருவத்தில்தான் நெருக்கடி. கழிவு சொதசொதக்கும், சருகோ தெருவெல்லாம் நனைந்து கிடக்கும். இப்பகுதிச் சாலைகளில் நிற்கும் வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி முதலிய மரங்கள் பெரும்பாலும் தை முதல் பங்குனிக்குள் இலை உதிர்த்து முடித்துவிடுகின்றன. அப்போது கூட்டிக் கொளுத்தப்படும் அந்தச் சருகைச் சாக்குகளில் திணித்து மழை படாத இடத்தில் அடுக்கி வைத்தவருக்குக் கார்த்திகை வரை கவலையில்லை. வைக்காதவர்கள் சாயமேற்றாத மரத்தூளையோ கிழித்த அட்டைப்பெட்டியையோ உலர்ந்த நார்க்கழிவையோ அதற்கு ஈடாகச் சேர்த்துக்கொள்ளலாம்.