கணினி வாங்கினால் போதுமா?

திருக்கோயில்களில் நடைபெறும் இலவச மருத்துவ முகாம்களுக்கு அன்பர்கள் அள்ளி வழங்கி வருகின்றனர். அங்கே இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். இனிப்பு நீர் உண்டா எனச் சோதிக்கிறார்கள். முடிவைச் சிறு தாளில் எழுதித் தருகிறார்கள். அத்தாள் பிரசாதப் பொட்டலத்தோடு வீடு சேர்வதோடு சரி. மருத்துவரைக் காணும் நாளில் அது கையில் இருப்பதில்லை.

நம் மலைவாசிகளுக்கு இது சிறு குறையன்று. பிரிஞ்சாங் தோட்டத்தில் வாழும் ஒருவர் முதலில் தோட்டத்து மருந்தகத்துக்கோ கிளினிக்குக்கோ போவார். பிறகு தானா ராத்தா மருத்துவமனைக்கு. நோய் முற்றினால் சிம்பாங் பூலாய் வழியே மலையிறங்கி ஈப்போவுக்கு. ஒவ்வோரிடத்திலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இதற்கு விடையாகவே மின்னியல் மருத்துவப் பதிவேடு வந்தது. பத்துமலைக்கு அருகிலுள்ள செலாயாங் மருத்துவமனை 1999இல் திறக்கப்பட்டபோதே தாளில்லா மருத்துவமனையாக அமைந்தது. ஆனால் தாளில் எழுதியதையே திரையில் தட்டெழுதி வைத்தால் பெரும்பயன் இல்லை. பழைய குறிப்புகள் ஒன்றுசேர்ந்து பேசும்போதுதான் பயன் தெரியும்.

ஓர் உதாரணம். சிறுநீரகத்தின் நிலையை இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவு காட்டும். ஒருவருக்கு அது 65, சில ஆண்டில் 85, பின்னர் 105 என ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்களுக்கு இம்மூன்றும் ஏறக்குறைய இயல்பு எல்லைக்குள் அடங்குபவையே. கடைசி எண்ணை மட்டும் பார்ப்பவர் கவலைப்படமாட்டார். மூன்றையும் வரிசையில் பார்ப்பவர் உடனே விழித்துக்கொள்வார். வலி மாத்திரையை நிறுத்தச் சொல்வார். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கும், இந்தியர்களுள் 31.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு காணப்பட்டது. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் அந்நோய்க்குப் பெரும் பங்குண்டு.

பதிவேட்டின் மற்றொரு பயன், வராதவரைக் காட்டுவது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ஊழியர்கள் நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் வீடுகளுக்கே மருந்தோடு செல்கின்றனர். யாருக்கு எப்போது மருந்து தீரும் என்ற பட்டியல் இல்லாமல் இது நடவாது.

நம்மிடையே ஒரு தனிச் சிக்கலும் உண்டு. லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி என ஒரே அம்மையாரின் பெயர் மூன்று கிளினிக்கில் மூன்று விதமாக இருக்கும். கணினிக்கு அவர் மூன்று பேர்! ஆகவே அடையாளக் கார்டின் 12 இலக்க எண்ணைக் கொண்டே பதிய வேண்டும்.

‘கணினி வாங்கித் தருகிறோம்’ என்று முன்வரும் கொடையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரின் ஊதியத்துக்கும் சேர்த்து வழங்குங்கள். மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பாராமல் திரையையே பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தால் அது யாருக்கு நன்மை? மின்சாரம் தடைப்படும் நாளுக்கு மாற்று ஏற்பாடும், பதிவை யார் யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடும் வேண்டும். ஒருவரின் நோய் ஊர்ப்பேச்சாகிவிடக் கூடாதல்லவா?

முகாமுக்கு வரும் அன்பர்கள் அடையாளக் கார்டையும், உண்ணும் மாத்திரைகளை அட்டையோடும், கிளினிக் புத்தகத்தையும் தவறாமல் கொண்டு வாருங்கள். ஒவ்வாத மருந்து ஏதேனும் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.