ஸ்லைடின் மீதுள்ள மைப்புள்ளி

மற்றொரு மருத்துவரின் கருத்தை அறிவதற்காக ஸ்லைடுகளைப் பெற்றுச் செல்லும் குடும்பத்தினர் சிலர், அவற்றின் மீதுள்ள மைப்புள்ளிகளை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடுகின்றனர். அப்புள்ளிகள், ஐயத்திற்குரிய செல்கள் இருக்கும் இடத்தைக் காட்ட நோயியல் மருத்துவர் இட்ட அடையாளங்களாகும்.

ஸ்லைடு என்பது ஏறத்தாழ 75 மி.மீ. நீளமும் 25 மி.மீ. அகலமும் கொண்ட கண்ணாடித் தகடு. 400 மடங்கு பெருக்கிக் காணும்போது நுண்ணோக்கியில் ஒரு நேரத்தில் தெரிவது சுமார் அரை மி.மீ. குறுக்களவுள்ள வட்டம் மட்டுமே. தகடு முழுவதும் மாதிரி பரவியிருந்தால், அத்தகைய சில ஆயிரம் வட்டங்களைப் பார்த்தாக வேண்டும். ஒருமுறை கண்ட செல்லை மறுமுறை தேடிக் கண்டடைவது எளிதன்று.

இத்தொல்லை பழையது. 1858இல் இலண்டனில் தாமஸ் மால்ட்வுட் என்பவர் இதற்கென ஓர் இடங்காட்டிக் கண்ணாடியை அறிமுகப்படுத்தினார். அதில் ஒரு சதுர அங்குலப் பரப்பு 2,500 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள் புகைப்பட முறையில் பதிக்கப்பட்டிருந்தன. தேடிய பொருள் கண்ணில் பட்டதும், மேடையை அசைக்காமல் ஸ்லைடை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இக்கண்ணாடியை வைத்து, தெரியும் எண்களைக் குறித்துக்கொள்வர்.

எனக்கு மிகவும் பிடித்தது வைர முனை கொண்ட குறியிடு கருவிதான். பொருளருகு வில்லை இருக்கும் இடத்தில் இதனைத் திருகிப் பொருத்துவர். மையத்திலிருந்து சற்றே விலகியிருக்கும் வைர முனையைத் தாழ்த்திச் சுழற்றினால், செல்லை நடுவில் வைத்து மூடு கண்ணாடியின் மேல் மெல்லிய வளையம் கீறப்படும். அக்கண்ணாடியின் தடிமன் 0.17 மி.மீ. அளவே, அழுத்தம் மிகுந்தால் உடையும். ஆனால் கீறிய வளையம் துடைத்தாலும் அழியாது.

இன்று நாங்கள் பெரும்பாலும் பேனா மையையே நம்புகிறோம். அது ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். சதைத் துணுக்காயின் மெழுகுக் கட்டியிலிருந்து மீண்டும் சீவியெடுக்க வாய்ப்புண்டு. துணுக்கு மிகச் சிறிதாயின் அதுவும் உறுதியில்லை. ஊசியால் உறிஞ்சியெடுத்த மாதிரியிலோ, நோயைக் காட்டும் செல்கள் ஒரே ஒரு ஸ்லைடில் மட்டும் இருக்கக்கூடும்.

ஆகவே ஸ்லைடுகளைத் துடைக்க வேண்டாம். கண்ணாடியின் மேல் ஒட்டுத்தாள் எதுவும் ஒட்ட வேண்டாம். ஆய்வகம் தரும் பெட்டியிலேயே வைத்து, அறிக்கையின் நகலுடன் எடுத்துச் செல்லுங்கள். வழியில் உடைந்துவிட்டால் துண்டுகளை எறிந்துவிடாமல் அப்படியே கொண்டுவாருங்கள். பல வேளைகளில் அவற்றையும் படிக்க இயலும்.