கடை மூடும் வேளையில் மிச்சம்

மிச்சம் என்னும் சொல்லுக்கு நம் வழக்கில் இரு பொருள் உண்டு. உண்டபின் எஞ்சியதும் மிச்சம். செலவு போகக் கையில் நிற்பதும் மிச்சம். "சோறு மிச்சமாகிவிட்டதே" என்று வருந்துகிற அதே தாய், "இம்மாதம் இருபது வெள்ளி மிச்சம் பிடித்தேன்" என்று மகிழவும் செய்கிறாள். இவ்விரு பொருளும் ஒன்றாகும் வேளை ஒன்று நம் கெடா மாநிலத்து நகரங்களில் நாள்தோறும் வருகிறது. சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் போன்ற இடங்களில் உள்ள பேரங்காடிகள் மூடுவதற்கு முந்திய ஒன்றிரண்டு மணி நேரமே அது. கடைக்காரருக்கு எஞ்சிப்போன பண்டம், வாங்குவோருக்குச் சேமிப்பாக மாறுகிறது.

அவ்வேளையில் ரொட்டித் தட்டுக்கும் கோழி இறைச்சிப் பகுதிக்கும் அருகே சிலர் மெல்ல நடைபோடுவதைக் காணலாம். தொழிற்சாலை வேலை முடிந்து திரும்பும் பெண்கள், ஓய்வூதியத்தில் வாழும் முதியோர், தோட்டத்தை விட்டு நகரோரக் குடியிருப்புகளில் குடியேறிய நம்மவர் எனப் பலர் அதில் உண்டு. ஊழியர் ஒருவர் வந்து புதிய விலைச்சீட்டை ஒட்டுவதற்காகவே அவர்கள் காத்திருக்கின்றனர். இவ்வாறு வாங்குவது அறிவுடைமையா, அன்றி இழிவா? இக்கேள்வி என் பள்ளியிலேயே எழுந்தது. ஆதலால் இதனை ஆராய வேண்டியவனானேன்.

ஒரு மாணவனின் ரொட்டி

ஓய்வு வேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் உறையோடு ரொட்டி கொண்டு வந்தான். உறையின்மேல் குறைவிலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதைக் கண்ட மற்றொருவன், "எச்சில் ரொட்டி தின்கிறான்" என்று கூவினான். சிறுவர்கள் சிரித்தனர். அருகில் நின்ற நான், "சண்டை வேண்டாம், போங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அகன்றேன். அடுத்த நான்கு நாள்களும் அப்பையன் வெறுங்கையோடு வந்தான். ஓய்வு வேளையில் குழாய்த் தண்ணீரை மட்டும் குடித்தான். அதன் பின்னரே, நான் அன்று செய்யாமல் விட்டது எவ்வளவு பெரிய பிழை என்பது எனக்கு விளங்கிற்று.

எச்சில் வேறு, மிச்சம் வேறு. ஒருவர் வாய்பட்டது எச்சில். யார் கையும் படாமல், உறை பிரியாமல் தட்டில் இருந்த பண்டம் எச்சில் ஆகாது. அதில் குறைந்திருப்பது தூய்மை அன்று, காலம். விலை இறங்குவதன் உட்பொருளும் இதுவே.

விலை ஏன் இறங்குகிறது?

விற்காமல் நிற்கும் ரொட்டி கடைக்காரருக்கு இருவகையில் நட்டம்: அதன் அடக்கவிலை போயிற்று, அப்புறப்படுத்தும் செலவும் சேர்ந்தது. முழுவிலை கிடையாது என்று தெரிந்தபின், பாதிவிலை கிடைத்தாலும் அது ஆதாயமே. இஃது இன்று தோன்றிய தந்திரமன்று. அழியும் பொருளை விற்கும் எல்லாச் சந்தைகளிலும் உள்ள இயல்பு.

நம் மாநிலத்திலேயே இதனை மூன்று குரல்களில் கேட்கலாம். கோலமூடாவில் 'பாசார் பிசிக்' என்னும் புகழ்பெற்ற மீன்சந்தை உண்டு. படகில் வந்திறங்கும் மீனுக்கு வாங்குவோர் தம் விலையைக் காதோடு காதாக முணுமுணுப்பர். அதனாலேயே அதற்கு அப்பெயர். இரவுச் சந்தையிலோ, கூடாரம் பிரிக்கும் வேளையில் காய்கறிக்காரர் விலையை உரக்கக் கூவி இறக்குவார். பேரங்காடியில் முணுமுணுப்பும் இல்லை, கூவலும் இல்லை. ஒரு சிறு சீட்டு ஒட்டப்படுகிறது. மூன்றிலும் விற்கப்படுவது பொருளோடு அதற்கு எஞ்சியுள்ள நேரமே. நேரம் குறையக் குறைய விலையும் குறைகிறது. ஆகவே குறைவிலைப் பண்டத்தை வாங்குகிறவர் ஒரு கடமையையும் சேர்த்தே வாங்குகிறார்: அதனை விரைந்து சமைக்க வேண்டும், அல்லது தக்கவாறு காக்க வேண்டும்.

கணக்கு

விழுக்காட்டுக் கணக்கில் நம்மில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 12 வெள்ளி விலையுள்ள கோழிக்கு முதலில் 30 விழுக்காடு குறைக்கப்படுகிறது. விலை 8 வெள்ளி 40 காசு. பின்னர் அவ்விலையிலிருந்து 50 விழுக்காடு குறைக்கப்படுகிறது. விலை 4 வெள்ளி 20 காசு. முப்பதையும் ஐம்பதையும் கூட்டி 80 விழுக்காடு குறைந்தது என்று எண்ணுவோர் 2 வெள்ளி 40 காசுதான் எனக் கொள்வர், அது தவறு. உண்மையில் குறைந்தது 65 விழுக்காடே. பணம் செலுத்துமிடத்தில் பழைய விலையே பதிவாகிவிடுவதும் உண்டு. ஆதலால் இரசீதை அங்கேயே நின்று பார்த்தல் நலம்.

மற்றொரு கணக்கும் உண்டு. 4 வெள்ளி ரொட்டியை 2 வெள்ளிக்கு வாங்கி, அதில் பாதியைப் பூசணம் பிடிக்கவிட்டு எறிந்தால், உண்ட பாதிக்கு 2 வெள்ளி கொடுத்தோம் என்றாகிறது. முழுவிலைக்கு வாங்கியதும் அதுவும் ஒன்றே. மலிவு என்பது கடையில் முடிவதன்று, அடுப்படியில்தான் முடிகிறது.

நாளும் பொருளும்

மலேசியாவில் 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் பல உணவுகளின் உறைகளில் நாள் குறிக்கப்பட வேண்டுமென்று விதிக்கின்றன. மலாயில் அச்சிடப்பட்ட இரு தொடர்களை நம் பெற்றோர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். 'தாரிக் லுபுட்' என்பது காலாவதி நாள். அந்நாள் கடந்த உணவை விற்கலாகாது, நாமும் உண்ணலாகாது. 'பாய்க் செபெலும்' என்பது இந்நாளுக்குள் சுவையும் தரமும் குன்றாதிருக்கும் எனப் பொருள்படுவது. பிஸ்கட் போன்ற உலர்பண்டங்களில் இதனைக் காணலாம். இவ்விரண்டும், உறையில் சொன்னபடி பொருளைப் பாதுகாத்தால்தான் பொருந்தும். குளிரில் வைக்க வேண்டிய பாலை வெயிலில் வைத்துவிட்டு, நாள் இன்னும் இருக்கிறதே என்று வாதாடுவதில் பயனில்லை.

எதை வாங்கலாம், எதை விலக்கலாம்?

ரொட்டி வாங்கத் தக்கது. ஆனால் அதனைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது பிழை. ரொட்டி விறைத்துப்போவது ஈரம் வற்றுவதால் மட்டுமன்று. அதிலுள்ள மாப்பொருள் மீண்டும் இறுகுவதே பெருங்காரணம். உறையாத குளிரில் அவ்விறுக்கம் விரைவாகிறது. நீர் உறையும் மேலறையில் வைத்தால் அது தடைப்படும். வேண்டும்போது ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சுட்டுக்கொள்ளலாம். பூசணம் கண்ட ரொட்டியில் அவ்விடத்தை மட்டும் கிள்ளியெறிந்து உண்ணக் கூடாது. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் கெட்டதன்று. மாப்பொருள் சர்க்கரையாக மாறியதன் அடையாளம் அது. பணியாரத்துக்கு அதைவிட ஏற்ற பழம் இல்லை. வாடத் தொடங்கிய கீரை அன்றிரவே சட்டியேற வேண்டும். குளிரூட்டிய கோழியை அன்றே சமைக்க வேண்டும். இயலாவிடில் உறையவைக்க வேண்டும். உறையும் குளிர் கிருமிகளின் பெருக்கத்தை நிறுத்துமேயன்றி அவற்றைக் கொல்லாது. ஆகவே குளிர் விட்டபின் காலந்தாழ்த்தலாகாது.

மீனில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நாம் விரும்பியுண்ணும் கெம்போங் போன்ற மீன்கள் குளிரின்றிக் கிடந்தால், கிருமிகளின் செயலால் ஹிஸ்டமின் என்னும் பொருள் அவற்றில் சேர்கிறது. உண்டவருக்கு முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு முதலியன தோன்றும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. மஞ்சளும் புளியும் அதனை முறிக்கமாட்டா. ஆதலால் கண் குழிந்து, தொட்டால் சதை தளர்ந்து, நாற்றமெடுக்கும் மீனை இனாமாகத் தந்தாலும் மறுத்துவிடுக. உப்பிய தகரப்பேழையும் அவ்வாறே.

வழியும் வெப்பமும்

நகரத்தார் அறியாத ஓர் இடர் தோட்டத்தாருக்கு உண்டு, அது தொலைவு. நுண்ணுயிர்கள் சுமார் 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் பெருகுகின்றன. நம் நாட்டு இரவும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கும். தக்க சூழலில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று ஒரு மணியில் 8. இரண்டு மணியில் 64. நான்கு மணியில் 4,096. மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் கோழியைத் தொங்கவிட்டு, வழியில் தேநீர்க்கடையில் நண்பரோடு பேசிக்கொண்டிருப்பவர் இக்கணக்கை நினைவில் கொள்க. பனிக்கட்டி இட்ட சிறு பெட்டி ஒன்றை உடன் கொண்டுபோவது அறிவு. குறைவிலைக்காக மட்டும் தனியே நகரத்துக்குச் செல்வதோ எண்ணெய்ச் செலவுக்கே போதாது. வேறு வேலையாகச் சென்ற நாளில் வாங்குவதே மிச்சம்.

குப்பைக்கூடை யாருடையது?

உணவு வீணாவதைக் குறித்து உலகம் இன்று கவலை கொண்டுள்ளது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் கடைகளின் பங்கு 12 விழுக்காடு. உணவகங்கள் முதலியவற்றின் பங்கு 28. வீடுகளின் பங்கோ 60. பிரான்சு நாடு 2016இல் சட்டமியற்றி, பெரிய கடைகள் உண்ணத்தக்க உணவை அழிப்பதைத் தடுத்தது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம், நல்லெண்ணத்தோடு தக்க உணவை வழங்குவோருக்குக் காப்பளிக்கிறது.

கடைகள் தம் கடமையைச் செய்யட்டும். நாம் எண்ண வேண்டியது அந்த 60 விழுக்காட்டை. மலிவென்று அள்ளி வந்து வீட்டில் கெடவிட்டால், கடையின் குப்பைக்கூடையை நம் வீட்டுக்குச் சுமந்து வந்ததாகவே முடியும். வாங்குமுன், "இதை எவ்வேளைக்குச் சமைப்பேன்?" என்று தம்மையே கேட்டு, விடை கிடைத்த பின்னரே கை நீட்டுக.

நம் முன்னோருக்கு இது புதிதன்று. எஞ்சிய மீன் கருவாடாயிற்று. எஞ்சிய காய் வற்றலாயிற்று. எஞ்சிய சோறு நீரூற்றிக் காலையுணவாயிற்று. பால்மரக்காட்டுக்கு விடியுமுன் புறப்பட்ட நம் தாய்மார், அந்த மிச்சத்தைக் கொண்டே பிள்ளைகளைப் படிக்கவைத்தனர். அவர்களை எவரும் இழிவாகச் சொல்லத் துணிந்ததில்லை.

ஐந்தாம் நாள் நான் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்குச் சென்று, விழுக்காட்டுப் பாடத்துக்காக வீட்டிலுள்ள விலைச்சீட்டுகளை மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். பாதிக்கு மேற்பட்டோர் கொண்டுவந்தவை குறைவிலைச் சீட்டுகளே. அவற்றைக் கரும்பலகையில் ஒட்டி, எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டோம். அப்பையனும் தன் ரொட்டிச் சீட்டைக் கொண்டுவந்திருந்தான். அவன் போட்ட விடை சரியாக இருந்தது. அன்று ஓய்வு வேளையில் அவன் மற்றவர்களோடு அமர்ந்து உண்டான். முதல் நாளே நான் இதைச் செய்திருந்தால், ஒரு பிள்ளை நான்கு நாள் பசித்திருக்க வேண்டியதில்லை.