மகமைப் பணம் யாருடையது?

விருதுநகர்ச் சந்தையில் மிளகாயோ பருப்போ கைமாறுங்கால், சிறு தொகையொன்று பொதுவுக்கென ஒதுக்கப்பெறுதல் நெடுநாளைய வழக்கம். இதற்கு மகமை என்று பெயர். சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களிலும் வழங்கிவந்த இம் மகமையைக் கொண்டே, வணிகர் வண்டிகளோடு தங்கிய பேட்டைகளும், கிணறுகளும், கோயில்களும், பள்ளிக்கூடங்களும் உறவின்முறையாரால் நிறுவப்பெற்றன. காமராசர் பயின்ற விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு இதனோடு பிடியரிசியும் சேர்ந்தது. உலையிலிடுமுன் ஒரு பிடியைப் பள்ளிக்கென எடுத்து வைத்த தாய்மார் யாதொரு ரசீதும் கேட்டாரில்லை.

ஈண்டு எழும் வினா யாதெனில், வணிகர் பெட்டியில் கிடக்குமளவும் மகமைப் பணம் யாருடையது என்பதே. வடநாட்டில் தர்மாதா என்னும் பெயரால் இத்தகைய வசூல் உண்டு. ஹாத்ரஸ் நகரத்துப் பிஜிலி பஞ்சாலையார் அவ்வாறு பெற்ற தொகைக்கு வருமான வரி உண்டோ என்று எழுந்த வழக்கில், தருமத்துக்கென்றே வாங்கிய பணம் வணிகரின் வருமானம் ஆகாதென உச்சநீதிமன்றம் 1970-களின் இறுதியில் தீர்ப்பளித்தது. எனவே அவர் அதற்குக் காவலரேயன்றி உடையவர் அல்லர். ஒரு நாளைக்கேனும் அதனைத் தம் கொள்முதலுக்கு எடுத்தாள்வாராயின், "மாலையில் வைத்துவிட்டேனே" என்பது விடையாகாது. இடையில் சரக்கு விலை வீழ்ந்திருந்தால் நட்டம் பள்ளிப் பிள்ளைகளையன்றோ சாரும்?

களவினும் நுட்பமானது நோக்கம் மாறுதல். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்தது போன்ற வெடிவிபத்துக் காலங்களில் பலரும் இரங்கிப் பொருள் தருவர். தீப்புண் பட்டார்க்கென வந்ததில் எஞ்சியதை ஒரு சங்கத்தார் வாசகசாலைக்குச் செலவிட்டனர் என்று கொள்வோம். வாசகசாலையும் நற்செயலே. ஆயினும் கொடுத்தவர் எண்ணியது அதுவன்று. நல்லவர்களே பெரும்பாலும் இவ்விடத்து வழுக்கி விழுகின்றனர் என்பது என் கருத்து.

சட்டம் ஓரளவு துணை நிற்கின்றது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி, பொது அறக்கட்டளையில் அக்கறையுடையார் இருவரோ பலரோ நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுக் கணக்குக் கேட்டு வழக்கிடலாம். பிடியரிசி தந்த மூதாட்டி வழக்கறிஞரைத் தேடிச் செல்வாளோ? செல்லாள். ஆகவே, அவள் கேளாமலே கணக்கை ஊரறியப் படிப்பது நிர்வாகிகளின் கடனாகும். அதுவும் அவளுக்கு விளங்கும் தமிழில்.

நோக்கம் பிறழாது காத்தற்குச் சிவகாசியை ஒட்டியே ஓர் உதாரணம் உண்டு. தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் உழைத்த சிறுவர் பொருட்டு எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. சட்டத்துக்கு மாறாக வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 செலுத்த வேண்டும். அத்தொகை முதலாக நிற்க, அதன் வருவாய் அக்குழந்தைக்கே செலவிடப்பெற வேண்டும். கட்டடம் எழுப்பவோ, அலுவலகச் செலவுக்கு எடுக்கவோ அதில் இடமில்லை. பெற்றோர் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாவிடில் அவ்வருவாயும் அவர்க்குக் கிடையாது.