சக்கரம் வைத்த வீட்டுக்குள்ளே...

உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். நேற்று வைத்த இடத்தில்தானே பாத்திரங்கள் இன்றும் இருக்கின்றன? வீடு அசையாமல் நிற்பதால் கிடைக்கும் வசதி அது. அந்த வீட்டுக்குச் சக்கரம் மாட்டி, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்?

2023 ஏப்ரலில் அப்படி ஒரு வீட்டில் ஆறு நாள் இருந்தேன். அமெரிக்காவில் வசிக்கும் என் மகள், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைப் பார்க்க 'மோட்டார் ஹோம்' ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தாள். நம் ஊரில் சினிமா படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் கேரவன் நிற்குமே, அதற்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 'ஆர்.வி.' என்கிறார்கள்.

உள்ளே ஏறியதும் திகைத்துப் போனேன். பின்பக்கம் ஒரு கட்டில், நடுவில் ஒரு மேஜை, அதன் இருபுறமும் மெத்தை போட்ட பெஞ்சு, சின்ன சமையல் மேடை. ஐந்து பேர் எங்கே படுப்பது?

ஒன்பது வயதுப் பேரன் சிரித்தான். மேஜையின் காலைக் கழற்றினான். பலகையைக் கீழே இறக்கி, இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் பொருத்தினான். சாய்ந்துகொள்ளும் திண்டுகளை எடுத்து அதன் மேல் பரப்பினான். மேஜை, கட்டிலாகிவிட்டது! நம் ரயிலில் பகலில் சாய்ந்து உட்காரும் பலகை இரவில் நடு பெர்த் ஆகிறதே, அதே யோசனைதான். பெஞ்சுப் பலகையைத் தூக்கினால் அடியில் போர்வை வைக்கும் பெட்டி. டிரைவர் தலைக்கு மேலே இன்னொரு படுக்கை. ஆனால் வண்டி ஓடும்போது யாரும் படுக்கக் கூடாது. பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் வர வேண்டும்.

அலமாரிகள் பார்க்கத் தேக்கு போல இருந்தன. தட்டிப் பார்த்தேன், மெல்லிய பிளைவுட்! எடை கூடினால் எரிபொருள் அதிகம் செலவாகும். டயருக்கும் பிரேக்குக்கும் சிரமம். அதனால்தான் இப்படி லேசாகச் செய்கிறார்கள். வீட்டுக் கதவு மாதிரி நினைத்துத் தொங்கினால், கீல் கையோடு வந்துவிடும்.

இரண்டாம் நாள் காலை, பாத்திரங்களை மேல் அலமாரியில் அடுக்கியவன் நான்தான். கதவைச் சாத்தினேன், கொக்கியை அழுத்தவில்லை. வீட்டுப் பழக்கம்! முதல் வளைவில் கதவு திறந்துகொண்டது. எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்று பறந்து வந்து, ஐந்து வயதுப் பேத்தியின் இருக்கைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. பின்னாலேயே ஆவக்காய் பாட்டில். 'படார்!'

மகள் வண்டியை ஓரம் கட்டினாள். குழந்தைக்கு அடி எதுவும் இல்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எத்தனை வருஷம் 'நிலைமம்' பாடம் நடத்தியவன் நான்! வண்டி வளைந்தாலும் பிளாஸ்க் நேராகவே போகப் பார்க்கும். பிரேக் போட்டால் வண்டி நிற்கும், பிளாஸ்க் நிற்காது. கனமான சாமானைக் கீழே வைத்து, லேசானதை மேலே வைத்திருக்க வேண்டும். இது கப்பலில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1885-ல் இங்கிலாந்தில், ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே 'வாண்டரர்' என்ற கேரவனைக் கட்டச் சொன்ன கோர்டன் ஸ்டேபிள்ஸ், கடற்படையில் மருத்துவராக இருந்தவர். உங்களைப் போன்ற சிறுவர்களுக்குக் கதைகளும் எழுதியவர். குதிரைகள் இழுத்த அந்த வண்டியை அவர் 'தரைமேல் ஓடும் படகு' என்றே அழைத்தார். பொருத்தமான பெயர்தான்!

சரி, கொட்டிய எண்ணெய்? கண்ணாடித் துண்டுகளைப் பெரியவர்கள் பொறுக்கினார்கள். பெஞ்சு உறை வினைல் என்பதால், சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்ததும் போய்விட்டது. தரை விரிப்பில் மட்டும் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் எண்ணெய் பரவும். பழைய துணியை வைத்து அழுத்தி அழுத்தி ஒற்றி எடுத்தோம். அப்படியும் ஒரு மஞ்சள் திட்டு நின்றுவிட்டது.

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட நம் ஊட்டிதான். இரவு குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டோம். காலையில் பார்த்தால் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது! ஐந்து பேர் விட்ட மூச்சுக் காற்றின் ஈரம், குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீரானது. பேரன் மெத்தையைத் தூக்கிக் காட்டினான், அடியிலும் ஈரம். அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும், பிளைவுட் ஊறி உப்பிவிடும். மறுநாள் முதல் கூரை ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்துத் தூங்கினோம். எழுந்ததும் மெத்தையை நிமிர்த்தி வைத்து, கண்ணாடியைத் துடைப்பது பேரன் வேலை.

புறப்படும் முன் அவன் கையில் காகிதத்தோடு ஒரு சுற்று வருவான். "தாத்தா, பிரிட்ஜ் கதவு பூட்டியாச்சா? மேஜை மேலே ஏதாவது இருக்கா? கூரை ஜன்னல் மூடியாச்சா?" சொன்னால் நம்ப மாட்டான், இழுத்துப் பார்த்துத்தான் டிக் போடுவான். கடைசி நாள் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அடியில் ஒரு வரி எழுதியிருந்தான்: 'தாத்தா சாத்திய கதவு - இரண்டு தடவை பார்க்கவும்.'