மழைக்கும் வெயிலுக்கும் அசராத பூக்கள்

கேமரன் மலைக்குப் போய் சிலிம் ரிவருக்குத் திரும்புகிறவர்களின் காரில் இரண்டு பொருள்கள் தவறாமல் இருக்கும். ஒன்று ஸ்ட்ராபெரி, இன்னொன்று சாமந்தித் தொட்டி. பழம் அன்றிரவே தீர்ந்துவிடும். சாமந்தி தீர ஒரு மாதம் ஆகும். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த இரவுக் குளிரை நம் ஊரில் எந்த உரக்கடையிலும் வாங்க முடியாது.

தோட்டத்து லயத்தில் வீட்டைச் சுற்றி மண் இருந்தது. தாமான் வீட்டில் சுவரோரம் மூன்றடிதான். அதில் வருடக்கணக்கில் நின்று பூக்கும் செடியை வைப்பதே புத்திசாலித்தனம்.

என் முதல் தேர்வு இட்லிப்பூ. மலாய்க்காரர்கள் சியாந்தான் என்பார்கள், சங்க இலக்கியத்தில் அதுதான் வெட்சி. வெயில், மழை, கத்தரி மூன்றையும் தாங்கும். ஆனால் புது வீட்டில் நட்டால் இலை மஞ்சளாகிறதே என்று பலரும் உரத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் சுவரடியில்தான். கட்டும்போது கொட்டிய சிமெண்டுக் கழிவு மண்ணைச் சுண்ணாம்பாக்கிவிடும். இட்லிப்பூவுக்கோ புளிப்பு மண் வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதனால் நடுவதற்கு முன்பே ஓரடி ஆழம் தோண்டி, கல்லையும் காரையையும் பொறுக்கி எறிந்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்புங்கள். நம் வட்டாரச் செம்மண் இயல்பிலேயே புளிப்பானது.

கற்களை அடுக்கிச் சின்னப் பாறைத்தோட்டம் அமைக்க நினைப்பவர்களுக்கு நித்தியகல்யாணி. வறட்சியைத் தாங்கும், தேங்கும் நீரைத் தாங்காது, வேர் அழுகிவிடும். கற்களுக்கிடையே மணல் கலந்து, சரிவாக, மேல்பக்கத்தில் நடுங்கள். மடகாஸ்கரில் பிறந்த இந்தச் செடியிலிருந்துதான் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் மருந்து கிடைத்தது. அதற்காக வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள், அது நஞ்சு. கீழ்ப்பக்க ஈரத்துக்கு மழை லில்லி போதும். ஒரு நல்ல மழைக்குப் பிறகு மொத்தமாகப் பூக்கும். கற்குழிகளில் மட்டும் நீர் நிற்க விடாதீர்கள், டிங்கிக் கொசுவுக்கு அது போதும்.

காகிதப்பூ கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் அதிகமானால் அது இலையாக வளரும், பூக்காது. நாள் முழுக்க வெயில் விழும் மேட்டு இடம் இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் ஆசையை விட்டுவிடலாம்.

செம்பனைக் காட்டுச் சாலையோரம் காலையில் விரிந்து நண்பகலில் மூடும் வெளிர்மஞ்சள் பூவைப் பார்த்திருப்பீர்கள். மலாயில் புங்கா புக்குல் லாப்பான், எட்டு மணிப்பூ. நிர்வாகம் அதை அழகுக்காக நடவில்லை. பைபோல் கூடு கட்டிக்கொண்டு செம்பனை ஓலையைத் தின்னும் புழுவை அழிக்கும் சிறு குளவிகளுக்கு அதன் தேன்தான் உணவு. பராமரிப்பே கேட்காத இந்தச் செடியை வீட்டு வேலியோரம் ஏனோ யாரும் வைப்பதில்லை.

அரளியும் அசராத செடிதான். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த இடத்தைச் செம்பருத்திக்குக் கொடுங்கள். 1960இல் தேசிய மலரான புங்கா ராயா அதுதானே.

செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் காசு செலவழிக்க வேண்டியதில்லை. லயங்கள் இடிந்துபோன தோட்டங்களிலும் கோயில் நிற்பதுண்டு, வேலியோரம் இவை பூத்துக்கொண்டிருக்கும். பூசாரியிடம் கேட்டு, பென்சில் பருமனில் ஒரு சாண் குச்சி நறுக்கி வாருங்கள். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஒன்றரை மாதத்தில் வேர் பிடித்திருக்கும். அதுவரை பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.