பதினாறு கட்டம்... பத்து விரல்!

லெக்சரர் போர்டு பக்கம் திரும்பினதும் பெஞ்சில் தாளம் போடுற பார்ட்டியா நீங்க? உள்ளங்கை கிக், விரல் நுனி ஸ்நேர், பேனா மூடி ஹை-ஹாட்னு தனிக் கச்சேரியே நடத்துவீங்களா? அப்ப இந்த மேட்டர் உங்களுக்குத்தான் பாஸ்!

அந்த பெஞ்சை ஒரு நோட்டுப் புத்தகம் சைஸுக்குச் சுருக்கி, மேலே ரப்பர் கட்டங்கள் பதித்து, யு.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டரோடு கோத்துவிட்டால்... அதுதான் மிடி டிரம் பேட் கன்ட்ரோலர். சின்ன மாடலில் 8 கட்டம், பெரிய மாடலில் 16 கட்டம் இருக்கும். வீடியோவில் யாரோ ஒருத்தர் பத்து விரலாலும் பின்னி எடுப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குறவங்க உண்டு. ஒரே மாசத்தில் அதை பீரோ மேல தூக்கிப் போடுறவங்களும் உண்டு. விரலில் குறை இல்லை. இந்தப் பெட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாதுன்னு தெரியாம ஆரம்பிக்கிறதுதான் சிக்கல். அதை மட்டும் தெளிவாக்கிட்டா, போட்ட காசு வீண் போகாது.

சத்தமே வராத டிரம்!

எங்க ஹாஸ்டலில் செகண்ட் இயர் பையன் ஒருத்தன். லீவு நாளில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த காசில் பேட் வாங்கினான். மறுநாளே டப்பாவோடு என் ரூம் வாசலில் நிக்கிறான்.

"ஏமாந்துட்டேன்ணா. லைட் எல்லாம் எரியுது, தட்டினா சத்தமே வரல. பாதி விலைக்காவது யாராவது எடுத்துப்பாங்களா?"

"டேய், அதுக்குள்ள சத்தமே கிடையாதுடா!"

இதுதான் முதல் பாடம். டி.வி. ரிமோட்டுக்குள் படம் இருக்கா? இல்லையே! அதே மாதிரி பேடுக்குள் டிரம்ஸ் இல்லை. அது அனுப்புவது வெறும் நம்பர்தான். ஒரு பேடைத் தட்டினால் 153, 36, 100 என்று மூணு நம்பர் போகலாம். 153 என்றால் 'பத்தாவது சேனலில் ஒரு நோட் ஆரம்பம்'. 36 என்றால் எந்த நோட் என்ற விவரம். 100 என்றால் எவ்வளவு வேகமா அடிச்சீங்க என்ற அளவு. இந்த மூணையும் வாங்கிக்கிட்டு 'டும்'னு சத்தம் போடுவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாப்ட்வேர்தான்.

இ.சி.இ. பார்ட்டிகளுக்கு ஒரு எக்ஸ்ட்ரா தகவல். பெரும்பாலான பேடுகளில் ரப்பருக்கு அடியில் அழுத்தத்தை உணரும் ரெசிஸ்டர் இருக்கும். அழுத்தினால் அதன் மின்தடை குறையும். அந்த மாற்றத்தை உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் அளந்து 1 முதல் 127 வரைக்குள் ஒரு எண்ணாக்கும். அதுக்குப் பேர்தான் வெலாசிட்டி. லேபில் படிச்ச அனலாக்-டிஜிட்டல் கன்வெர்ஷன் கடைசியில் பாட்டுக்கும் வேலைக்கு ஆகுது பாருங்க!

லைட் மியூசிக் மேடை கனெக்‌ஷன்

மிடி என்பது மியூசிக்கல் இன்ஸ்ட்ரூமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ் என்பதன் சுருக்கம். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் கண்காட்சியில், ஒரு கம்பெனியின் சின்தசைஸரையும் இன்னொரு கம்பெனியின் சின்தசைஸரையும் ஒரு கேபிளில் இணைத்து வாசித்துக் காட்டினார்கள். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனி மெஷினும் தனித்தனி பாஷை பேசிக்கிட்டு இருந்தது. எல்லாருக்கும் ஒரே பாஷை கிடைக்க முக்கியக் காரணமா இருந்த அமெரிக்காவின் டேவ் ஸ்மித்துக்கும் ஜப்பானின் இக்குதாரோ ககேஹாஷிக்கும் 2013-ல் டெக்னிகல் கிராமி விருது கொடுத்தாங்க.

அந்த ககேஹாஷி ஆரம்பிச்ச ரோலண்ட் கம்பெனியின் ஆக்டபேட் 1985-ல் வந்தது. எட்டு பேட், குச்சியால் அடிக்கணும். முதல் ஆக்டபேடிலும் சொந்தச் சத்தம் கிடையாது. மிடி வழியா வேற மெஷினைத்தான் வாசிக்க வைக்கும். பிறகு வந்த மாடல்களில் சத்தமும் உள்ளேயே சேர்ந்துக்கிச்சு. கோயில் திருவிழா லைட் மியூசிக் மேடையில் 'ரிதம் பேட்'னு நாம சொல்றது இந்த வம்சம்தான். அடுத்து, ரோஜர் லின் வடிவமைச்ச அகாய் எம்.பி.சி. 60 வந்தது 1988-ல். நாலுக்கு நாலுன்னு பதினாறு கட்டம், விரலால் தட்டுவது. இன்னிக்கு நம்ம டேபிளில் இருக்கும் பேடுக்கு இவர்தான் தாத்தா!

முதல் நாள் என்ன செய்யணும்?

கேபிளைச் செருகினதும் தானா எல்லாம் நடந்துடாது. நாலு ஸ்டெப் இருக்கு.

ஒண்ணு, பாட்டு பதிவு செய்யும் சாப்ட்வேர் வேணும். இதை டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன்னு சொல்வாங்க. மேக் வச்சிருந்தா கராஜ்பேண்ட் இலவசம். எல்.எம்.எம்.எஸ். என்பது விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் இலவச சாப்ட்வேர். ரீப்பரை 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். எஃப்.எல். ஸ்டூடியோ டிரையலில் கிட்டத்தட்ட எல்லாமே செய்யலாம், ஆனா சேவ் பண்ணின ஃபைலை மறுபடி திறக்க முடியாது. பல பேடுகளோடு ஏதாவது ஒரு லைட் வெர்ஷனுக்கான கோடும் வரும். டப்பாவைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கும் சீட்டைப் பாருங்க.

ரெண்டு, சாப்ட்வேரின் செட்டிங்ஸில் மிடி இன்புட் பகுதிக்குப் போய் உங்க பேடின் பெயரை 'ஆன்' பண்ணுங்க.

மூணு, ஒரு டிராக் திறந்து அதில் ஏதாவது ஒரு டிரம் கிட்டை லோட் பண்ணுங்க. ரெக்கார்டு பட்டனை அழுத்தி அந்த டிராக்கைத் தயாரா வையுங்க.

நாலு, நம்பர் பொருந்துதான்னு பாருங்க. 1991-ல் வந்த ஜெனரல் மிடி முறைப்படி 36 கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட். கிக்னு நினைச்சுத் தட்டினா கைதட்டல் கேட்குதா? பேட் கெட்டுப் போகலை, நம்பர்தான் மாறியிருக்கு. பேடோடு வரும் எடிட்டரிலோ சாப்ட்வேரிலோ மாத்திடலாம்.

நம்ம ஜூனியருக்கு இடிச்சது ரெண்டாவது ஸ்டெப்தான். அதை ஆன் பண்ணின அடுத்த செகண்ட் ஹெட்போனில் 'டும்'! டப்பா விக்கிறதுக்குப் போகாம அவன் ரூமுக்கே திரும்பிப் போச்சு.

லேட் மார்க் போடும் கம்ப்யூட்டர்

தட்டினது இப்போ, சத்தம் வந்தது அப்புறம். இதுக்குப் பேர் லேட்டன்சி. பலர் 'எனக்குத் தாளமே வரல'ன்னு பேடை ஓரங்கட்டுறதுக்கு இந்தத் தாமதம்தான் காரணமா இருக்கும். பாவம், தாளம் வந்துச்சு, கம்ப்யூட்டர்தான் லேட்டு!

கம்ப்யூட்டர் சத்தத்தைச் சின்னச் சின்ன மூட்டையா கட்டி அனுப்புது. அந்த மூட்டைதான் பஃபர். செகண்டுக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் 1,024 சாம்பிள் மூட்டை கட்ட 23 மில்லிசெகண்ட் ஆகும். 512 என்றால் சுமார் 11.6, 128 என்றால் சுமார் 3. ஆடியோ செட்டிங்ஸில் பஃபரை 128-க்குக் கொண்டு வாங்க. சத்தம் கரகரன்னு உடைஞ்சா 256-க்கு ஏத்துங்க. விண்டோஸில் ஏசியோ வகை டிரைவர் போட்டால்தான் தாமதம் நல்லா குறையும். உங்க சவுண்ட் கார்டுக்கு அது இல்லேன்னா ஏசியோ4ஆல் இலவசமா கிடைக்குது.

முக்கியமா ஒண்ணு... புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம்! அதில் மட்டுமே 100 மில்லிசெகண்டுக்கு மேல தாமதம் வரலாம். ஒயர் வச்ச பழைய இயர்போன் இருந்தா அதுதான் இப்போ ராஜா.

மூணு பேட் போதும்

முதல் வாரம் பதினாறு கட்டத்தையும் தொடாதீங்க. கிக், ஸ்நேர், ஹை-ஹாட்... அவ்வளவுதான். இடது கை ஆள்காட்டி விரல் கிக்குக்கு, இடது நடுவிரல் ஸ்நேருக்கு, வலது ஆள்காட்டி விரல் ஹை-ஹாட்டுக்கு. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70-ல் வச்சு, ஒரு அடிக்கு ரெண்டு எழுத்தா வாயால் 'தகதிமி தகஜொணு' சொல்லுங்க. எட்டு எழுத்துக்கும் ஹை-ஹாட். ரெண்டு 'த'வுக்கும் கிக். 'தி'யிலும் 'ஜொ'விலும் ஸ்நேர். நீங்க கேட்ட எத்தனையோ பாட்டுக்கு முதுகெலும்பு இந்த அடிதான்.

வாயில் வராத தாளம் கையில் வராது. நம்ம ஊர் மிருதங்க வகுப்பில் சொல்கட்டைச் சொல்ல வச்சுப் பழக்குறது சும்மா இல்லை!

இது பிடிபட்டதும் வெலாசிட்டிக்கு வாங்க. எல்லா ஹை-ஹாட்டையும் ஒரே பலத்தில் அடிச்சா தையல் மெஷின் மாதிரி இருக்கும். ஒண்ணை அழுத்தி, அடுத்ததை லேசாத் தட்டிப் பாருங்க. 110, 50, 110, 50... உடனே பாட்டு நடக்க ஆரம்பிச்சிடும். பல பேடுகளில் 'ஃபுல் லெவல்'னு ஒரு பட்டன் இருக்கும். அதைப் போட்டா எப்படித் தட்டினாலும் 127-தான் போகும். பழகுற வரைக்கும் அதை ஆஃப் பண்ணி வையுங்க. பேட் நீங்க கொடுக்கிற பலத்தைத்தான் திருப்பிக் கொடுக்கும். அதாவது, வாசிக்கிறது நீங்கதான்.

குவான்டைஸ் என்னும் இஸ்திரிப் பெட்டி

முன்னபின்ன விழுந்த அடிகளை ஒரு கிளிக்கில் நேராக்கும் வசதிக்குப் பேர் குவான்டைஸ். சட்டைச் சுருக்கத்தை எடுக்கிற மாதிரி சுகமா இருக்கும். ஆனா நூறு சதவீதம் போட்டா, கிக் முதல் ஸ்நேர் வரைக்கும் எல்லாம் கட்டத்தில் நறுக்னு உட்கார்ந்து, உங்க கை காணாமப் போயிடும். பல சாப்ட்வேர்களில் 50, 60 சதவீதம்னு குறைச்சு வைக்கலாம். ஸ்விங் என்று இன்னொரு குமிழும் இருக்கும். எம்.பி.சி. கணக்கில் 50 என்றால் நேர் நடை. 66 பக்கம் போனா திஸ்ர நடை வாசனை அடிக்கும்.

டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜே டில்லா, அடிகளை வேணும்னே கொஞ்சம் முந்தியும் பிந்தியும் வச்சு ஹிப்-ஹாப்பின் நடையையே மாத்தினவர். 2006-ல் இறந்துட்டார். அவர் தட்டின எம்.பி.சி. 3000 இப்போ வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமைப்பின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று மியூசியத்தில் இருக்கு. கம்பெனியில் இருந்து எத்தனையோ பேர் கைக்குப் போன மெஷின்தான் அது. மியூசியத்துக்குப் போக வச்சது அவர் விரல்!

இன்னொரு விஷயம். சாப்ட்வேரைத் திறந்தா நாலு அடி கட்டம்தான் முதலில் வரும். அதோடயே நின்னுடாதீங்க. டைம் சிக்னேச்சரை 7/8-னு மாத்துங்க. 'தகிட தகதிமி'ன்னு சொல்லிக்கிட்டே ஏழு எழுத்துக்கும் ஹை-ஹாட், முதல் எழுத்தில் கிக், நாலிலும் ஆறிலும் ஸ்நேர். மிஸ்ர சாபு ரெடி! மெஷின் ஜப்பான், அமெரிக்கா ஐடியாவா இருக்கலாம், கணக்கு நம்ம வீட்டுக் கணக்கா இருக்கலாமே?

பக்கெட்டும் பறையும்

சாம்பிள் பேக்குக்குக் காசு போடுறதுக்கு முன்னாடி மொபைலை எடுத்து ஹாஸ்டலைச் சுத்தி வாங்க. பிளாஸ்டிக் பக்கெட் கிக், எவர்சில்வர் டம்ளர் மணி, சாவிக்கொத்து ஹை-ஹாட். பதிவு செஞ்ச சத்தத்தின் ஆரம்பத்தில் இருக்கும் மௌனத்தை மட்டும் ஒட்ட வெட்டிடுங்க. இல்லேன்னா ஒவ்வொரு அடியும் லேட்டாத்தான் கேட்கும்.

சினிமாப் பாட்டிலிருந்து ரெண்டு செகண்ட் உருவி, அதை வச்சு ட்ராக் வெளியிடலாமா? நம்ம நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவு வெளியான பிறகு 60 வருஷம் வரைக்கும் அதுக்கு காப்பிரைட் இருக்கு. ரூமில் பழக எடுப்பது வேற, ஊருக்கு வெளியிடுவது வேற. அதே மாதிரி ஊர்த் திருவிழாவில் பறை வாசிக்கிற அண்ணனைப் பதிவு செஞ்சா, முதலில் அனுமதி கேளுங்க. பெயரைப் போடுங்க, முடிஞ்சா பணமும் கொடுங்க. நீங்க ஒரு விரலால் தட்டுற அந்தச் சத்தத்துக்குள் அவர் பல வருஷம் பழகின கை இருக்கு.

வாங்கப் போறீங்களா?

கடையில் ஒவ்வொரு பேடையும் லேசாவும் பலமாவும் தட்டிப் பாருங்க. லேசாத் தட்டினா பதிவாகலை, ஒண்ணைத் தட்டினா பக்கத்துப் பேடும் சேர்ந்து எரியுதுன்னா அந்தப் பீஸ் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் என்றால் யு.எஸ்.பி. சாக்கெட் ஆடுதான்னு கண்டிப்பாப் பாருங்க. குமிழ், கலர் லைட்டெல்லாம் போனஸ்தான். பட்ஜெட் இடிச்சா 8 பேட் மாடலே தாராளம், மூணு பேடில் ஆரம்பிக்கிறவங்களுக்கு எட்டே அதிகம்!

அதுவும் கையில் இல்லையா? கம்ப்யூட்டர் கீபோர்டில் தட்டினாலும் பல சாப்ட்வேர்களில் சத்தம் வரும். பலம் மட்டும்தான் பதிவாகாது. அதில் ரெண்டு வாரம் 'தகதிமி தகஜொணு' போட்டுப் பாருங்க. அதுக்கப்புறமும் ஆசை குறையலைன்னா தைரியமா காசை எடுங்க. அந்தப் பேட் நிச்சயம் பீரோ மேல ஏறாது!